வாசற்படியின் உயரம்

நாவல் எழுதுகிறவனிடம் உலகத்திலுள்ள எந்த விஷயத்தைப் பற்றியும் யோசனை கேட்கலாம் என்று நம் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. பெண்ணுக்கு வந்திருக்கும் வரன் நல்லதா, ஆழ்குழாய்க் கிணற்றை இன்னும் ஐம்பது அடி இறக்கலாமா, முழங்கால் வலிக்குத் தைலம் போதுமா அல்லது ஆபரேஷன்தான் செய்துகொள்ள வேண்டுமா என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் வருகிறார்கள். கதையில் முந்நூறு பக்கத்துக்கு ஒரு குடும்பத்தை ஆட்டி வைக்கிறவனுக்கு, நிஜத்தில் ஒரு குடும்பத்துக்கு வழி சொல்லத் தெரியாதா என்பது அவர்களுடைய வாதம். இந்த வாதத்தில் உள்ள ஓட்டை எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒருவர் மரியாதையாக வந்து நின்று கேட்கும்போது, பதில் சொல்லாமல் இருக்க முடிகிறதா?

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் மாலை, அடுத்த வீட்டுத் தையற்கார அம்மாள் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பையன் எஞ்சினீயரிங் கல்லூரியில் கடைசி வருஷம், எலெக்ட்ரானிக்ஸ் பாடம்.

“ஐயா, இவனுக்கு ரெண்டு வேலைக்கு வழி இருக்குது. ஒண்ணு இங்கேயே ஒரகடத்திலே, கார் கம்பெனி. வீட்டிலேருந்தே போயிட்டு வரலாம், கம்பெனி பஸ் வரும். இன்னொண்ணு பெங்களூரிலே. ஏதோ ராடாராம். சம்பளம் கம்மி. மூணு வருஷ ஒப்பந்தம். இவன் அதுக்குத்தான் போவேன்னு நிக்கிறான். நீங்க சொன்னா கேப்பான்.”

பையன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் சொன்னால் கேட்கிற முகமாக அது எனக்குத் தோன்றவில்லை.

வேறு யார் வந்து கேட்டிருந்தாலும், “வீட்டுச் சாப்பாடும் கம்பெனி பஸ்ஸும் இருக்கும்போது பெங்களூர் எதற்கு?” என்று ஒரு வாக்கியத்தில் தீர்ப்பு வழங்கியிருப்பேன். ஆனால் இந்த அம்மாளுக்கு யோசனை சொல்ல எனக்கு நா எழவில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு முறை என் யோசனையைக் கேட்டு அவர் பட்ட நஷ்டம் கொஞ்ச நஞ்சமல்ல. அதை அவர் மறந்துவிட்டாரா, மறந்தது போல் இருக்கிறாரா என்பது இன்று வரை எனக்குத் தெரியாது. நான் மறக்கவில்லை. ஆகையால், “அம்மா, இது எனக்குத் தெரியாத சமாசாரம். தெரிந்தவரிடம் போவோம், வாருங்கள்” என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

எங்கள் ஊர் குன்றத்தூர். சேக்கிழார் பெருமான் அவதரித்த ஊர் என்று சொன்னால் தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு, செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்து ஊர் என்று சொன்னால் போதும். ஊருக்கு நடுவே குன்று, குன்றின்மேல் முருகன். படியேறிப் போய்த் திரும்பிப் பார்த்தால், ஒரு பக்கம் ஏரி வெள்ளித் தகடு போலக் கிடக்கும். மற்றொரு பக்கம் மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானங்கள் வரிசையாக வருவது தெரியும். மேற்கே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று தொழிற்சாலைகள். முன்பு நெல் விளைந்த பூமியில் இப்போது கார் விளைகிறது. இரவு ஷிப்டுக்குப் போகும் பஸ்களின் வெளிச்சம் விடிய விடிய எங்கள் சாலையில் ஓடிக்கொண்டே இருக்கும்.

குன்றை ஒட்டிய மேட்டுத் தெருவில் அந்த எஞ்சினீயரின் வீடு. ஊரில் அவருக்கு ‘ராடார் ஐயா’ என்று பெயர். அவரோடு எனக்குப் பரிச்சயம் ஏற்பட்டதே ஒரு சண்டையில்தான். என் தொடர்கதை ஒன்றில் கதாநாயகன் ராடார் திரையில் எதிரி விமானத்தின் இறக்கைகளையும், அதன் விமானியின் மீசையையும் பார்ப்பதாக எழுதிவிட்டேன். ஒரு நாள் காலையில் பத்திரிகையைக் கையில் சுருட்டிக்கொண்டு ஒல்லியான மனிதர் ஒருவர் வந்தார்.

“எழுத்தாளர் நீங்கள்தானே? ராடாரில் மீசை தெரியாது, ஸார். ஒரு புள்ளிதான் தெரியும். அதுவும் உண்மையா பொய்யா என்று தெரிவதற்குள் பாதி ஆயுசு போய்விடும்” என்று சொல்லிவிட்டு, நான் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து சிநேகம்.

நாங்கள் மூவரும் போனபோது அவர் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். பையனிடம், “ராடார் என்றால் என்ன?” என்றார்.

பையன் பரீட்சைக்குப் படித்த மாதிரி ஒப்பித்தான். வானொலி அலையை அனுப்பி, அது ஒரு பொருளில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்து தூரத்தைக் கண்டுபிடிக்கும் கருவி. 1904ல் ஹூல்ஸ்மேயர் என்ற ஜெர்மானியர் கப்பல்களைக் கண்டுபிடிக்க இதைச் செய்து காட்டினார். அப்போது யாரும் வாங்கவில்லை. 1935 பிப்ரவரி 26ந் தேதி இங்கிலாந்தில் டாவென்ட்ரி என்ற ஊருக்குப் பக்கத்தில் வாட்சன்-வாட் என்பவரும் வில்கின்ஸ் என்பவரும் ஒரு விமானத்தைப் பறக்கவிட்டு, பி.பி.சி. ஒலிபரப்பின் அலை அதில் பட்டுத் திரும்புவதைக் காட்டினார்கள். 1940ல் அமெரிக்கக் கடற்படை ‘ராடார்’ என்று பெயர் வைத்தது.

“சரித்திரம் சரி. அந்த வாட்சன்-வாட் பிற்காலத்தில் கனடாவில் காரை வேகமாக ஓட்டி, போலீஸ்காரரின் ராடாரில் மாட்டிக்கொண்டு அபராதம் கட்டினாரே, அதையும் சேர்த்துக்கொள்” என்றார் எஞ்சினீயர். அம்மாளுக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு அவர் பையனுக்குச் சொன்னதை என்னால் முடிந்தவரை இங்கே எழுதுகிறேன்.

“ஒரு விநாடியை ஆயிரம் பங்காக்கு. அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி ஆயிரம் பங்காக்கு. ராடார் பேசுவது அந்தக் கடைசிப் பங்கு நேரம்தான். மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பங்கு நேரமும் வாயை மூடிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் நூற்றைம்பது கிலோமீட்டர் தூரத்திலிருந்து எதிரொலி திரும்பி வந்துவிடும். அப்புறம் மறுபடி ஒரு சொல். மறுபடி மௌனம்.”

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, நம் இலக்கியக் கூட்டங்களில் இந்த விகிதம் எப்படி இருக்கிறது என்ற சிந்தனை ஓடியது. அதை அப்படியே விட்டுவிடுகிறேன்.

“திரும்பி வருகிறது என்றேனே, எவ்வளவு வரும் தெரியுமா? விமானம் இரண்டு மடங்கு தூரம் போனால் எதிரொலி பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிவிடும். போகும்போதும் பரவிப் போகிறது, திரும்பும்போதும் பரவி வருகிறது. கடைசியில் நம் கைக்கு வருவது, சந்தைக்கடை நடுவில் ஒருவன் காதோரம் முணுமுணுத்த மாதிரி. சந்தைக்கடை இரைச்சல் வேறு எங்கும் இல்லை. நம் கருவிக்குள்ளேயே இருக்கிறது. எந்தக் கம்பியும் சும்மா இருக்கும்போதே கொஞ்சம் இரையும். அந்த இரைச்சலில் எது முணுமுணுப்பு, எது சந்தை என்று பிரிப்பதுதான் ராடார் எஞ்சினீயரின் உத்தியோகம். மற்றதெல்லாம் இரும்பு வேலை.”

எஞ்சினீயரின் தகப்பனார் அனகாபுத்தூரில் நெசவாளி. ‘ரியல் மெட்ராஸ் ஹாண்ட்கர்சீப்’ என்று ஒரு துணி உண்டு. பெயர்தான் கைக்குட்டை, உண்மையில் கட்டம் போட்ட வண்ணத் துணி. அனகாபுத்தூர்த் தறிகளிலிருந்து அது நைஜீரியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. தாம் நெய்த துணியை யார் உடுத்துகிறார்கள் என்று அந்த மனிதர் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஆனால் பாவில் ஆயிரக்கணக்கான இழைகளுக்கு நடுவே ஒரே ஓர் இழை தவறினால், தூரத்தில் நின்றே சொல்லிவிடுவாராம். “எனக்கு அந்தக் கண் வந்தது” என்பார் எஞ்சினீயர்.

பி.எஸ்ஸி. முடித்துவிட்டு அவர் சேர்ந்தது குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில். அனகாபுத்தூரிலிருந்து சைக்கிள் தூரம். 1949ல் சி. ராஜம் என்ற பெரியவர் தொடங்கிய அந்தக் கல்லூரி, மற்ற கல்லூரிகள் மின்சாரம், கட்டடம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் எலெக்ட்ரானிக்ஸையும் ஆகாய விமானத்தையும் பாடமாக வைத்தது. அப்துல் கலாம் அங்கே படித்தது எல்லாருக்கும் தெரியும். நம் சுஜாதாவும் அங்கேதான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தார். பிறகு பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே நமக்கெல்லாம் கதை எழுதினார்.

இன்னொருவர் ஆர். அரவமுதன். இவர் பெயர் அவ்வளவாக வெளியே தெரியாது. எம்.ஐ.டி.யில் படித்துவிட்டு டிராம்பேயில் அணுசக்தித் துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இளைஞர். விக்ரம் சாராபாய் ராக்கெட் விட ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு அங்கே போய்ச் சேர்ந்தார். அமெரிக்காவில் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1963 நவம்பர் 21ந் தேதி மாலை தும்பாவிலிருந்து நம் நாட்டின் முதல் ராக்கெட் கிளம்பியபோது அங்கே இருந்தார். மேலே போகிறதை ஊரே அண்ணாந்து பார்க்கும். போனது எங்கே போயிற்று என்று கருவியின் முன்னால் குனிந்து உட்கார்ந்து சொல்வது அவருடைய பிரிவின் வேலை. பிற்காலத்தில் ஸ்ரீஹரிகோட்டாவுக்கே டைரக்டராக இருந்தார். மனைவி கீதாவோடு சேர்ந்து 2017ல் இஸ்ரோவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 2021ல் காலமானார்.

நம் எஞ்சினீயரின் ஜாதகம் அப்படிப்பட்டதல்ல. அவர் பெங்களூரில் ராடார் செய்கிற ஒரு சர்க்கார் ஸ்தாபனத்தில் சேர்ந்தார். முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். அவ்வளவுதான். என்ன ராடார், எங்கே வைத்தார்கள் என்று கேட்டால் சிரிப்பார். தகப்பனார் ஒவ்வொரு பொங்கலுக்கும், “அங்கே என்னதாம்பா வேலை பாக்கிறே?” என்று கேட்பாராம். “ராக் காவல், அப்பா” என்பாராம் மகன். “கூர்க்கா மாதிரியா?” “கிட்டத்தட்ட.” பட்டம் வாங்கிய பிள்ளை கூர்க்கா வேலையா பார்க்கிறான் என்ற சந்தேகம் தீராமலே அந்த மனிதர் கண்ணை மூடிவிட்டார். இதைச் சொல்லும்போது மட்டும் எஞ்சினீயர் சிரிப்பதில்லை.

ஒரு சம்பவத்தை மட்டும் அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். அன்று பையனுக்கும் சொன்னார்.

அவருக்கு முப்பது வயதிருக்கும். ராஜஸ்தான் பாலைவனத்தில் ஒரு பரீட்சை. ஒரு லாரியின் மேல் ஆண்டெனா. லாரிக்குள் இரும்புப் பெட்டி மாதிரி ஓர் அறை. அந்தப் பெட்டிக்குள் வெயிலில் வெந்துகொண்டு ஐந்து பேர். பல மைலுக்கு அப்பால் ஒரு ஹெலிகாப்டர் தரையோடு தரையாகப் பறந்து வரும். அதைக் கண்டுபிடித்துக் காட்ட வேண்டும். பார்ப்பதற்குப் பெரிய அதிகாரிகள் வந்திருந்தார்கள்.

“ஒவ்வொரு ராடாரிலும் ஒரு கோடு உண்டு” என்றார் எஞ்சினீயர். “அந்தக் கோட்டுக்கு மேல் வருகிற எதிரொலியை உண்மை என்று திரையில் காட்டும். கீழே இருப்பதை இரைச்சல் என்று தள்ளிவிடும். அந்தக் கோட்டுக்கு இங்கிலீஷ்காரன் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? வாசற்படி. படியைத் தாழ்வாக வைத்தால் நாய், பூனை எல்லாம் உள்ளே வரும். பறவைக் கூட்டத்தைப் பார்த்து விமானம் என்று கூவும். உயரமாக வைத்தால் வீடு அமைதியாக இருக்கும். ஆனால் வரவேண்டிய விருந்தாளியும் திரும்பிப் போய்விடுவான். எவ்வளவு உயரம் வைப்பது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஆனால் எந்தக் கணக்காலும் இரண்டு தப்பையும் சேர்ந்தாற்போல் ஒழிக்க முடியாது. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். அது கடவுள் போட்ட கணக்கு.”

அன்று அவர் படியைத் தாழ்வாக வைத்திருந்தார். பாலைவனத்துக் கொக்குகள் கூட்டமாகப் பறந்தன. திரை முழுக்கப் புள்ளிகள். “எத்தனை ஹெலிகாப்டர் வாடகைக்கு எடுத்தீர்கள்?” என்று ஓர் அதிகாரி கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவமானம் தாங்காமல் இவர் கையை நீட்டிப் படியை உயர்த்திவிட்டார். திரை சுத்தமாயிற்று, அதிகாரிகள் தலையை ஆட்டினார்கள். இரண்டு நிமிஷம் கழித்துத் தலைக்கு மேலே கடகடவென்று சத்தம். ஹெலிகாப்டர் லாரியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. திரையில் ஒன்றும் இல்லை.

“சிரிப்புக்குப் பயந்து படியை உயர்த்தினேன். நிஜமான யுத்தமாக இருந்தால் நாங்கள் ஐந்து பேரும் செத்திருப்போம்” என்றார்.

இந்த இடத்தில் வாசகர்களுக்கு இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். எஞ்சினீயருடைய உத்தியோகத்தின் பெரும் பகுதி மழையை அழிப்பதில் கழிந்தது. விமானத்தைத் தேடுகிறவனுக்கு மழை ஒரு சனியன். மலையும் கட்டடமும் நகராது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி எதிரொலி தருவதால் அவற்றைக் கழித்துவிடலாம். மழை காற்றோடு நகர்கிறது, கழியாது. அதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். அலையை வலப்பக்கமாகச் சுழற்றி அனுப்பினால், உருண்டையான மழைத்துளி அதை இடப்பக்கச் சுழற்சியாகத் திருப்பி அனுப்பும். கோணல் மாணலான விமானம் இரண்டையும் கலந்து அனுப்பும். இடப்பக்கச் சுழற்சியை மட்டும் வாங்க மாட்டேன் என்று ஆண்டெனாவைச் செய்துவிட்டால், மழை பெரும்பாலும் மறைந்துபோகும், விமானம் நிற்கும்.

இரண்டாவது உலக யுத்தத்தில் ராடார்க்காரர்கள் மழையைத் திட்டினார்கள். யுத்தம் முடிந்ததும் வானிலைக்காரர்கள், “நீங்கள் தூக்கி எறிந்த அந்தக் குப்பை எங்களுக்கு வேண்டும்” என்று வந்தார்கள். ஒருவருக்கு இரைச்சல், மற்றவருக்குச் செய்தி. துளியின் குறுக்களவு இரண்டு மடங்கானால் எதிரொலி அறுபத்துநாலு மடங்காகும். ஆகையால் தூறலா கனமழையா என்று தூரத்திலிருந்தே சொல்லிவிட முடிந்தது. சென்னைத் துறைமுகத்தின் உயரமான கட்டடத்தின் உச்சியில் 2002ல் வைத்த டாப்ளர் ராடார் இந்த ஜாதிதான். மழை எங்கே என்பதோடு, எந்த வேகத்தில் வருகிறது என்றும் சொல்லும். அதன் படங்கள் பொது ஜனங்கள் பார்க்கக் கிடைக்கின்றன.

ஓய்வு பெற்றுக் குன்றத்தூருக்கு வந்த எஞ்சினீயர், ஐப்பசி கார்த்திகை மாதங்களில் அந்தப் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். முப்பத்தைந்து வருஷம் மழையை அழித்தவர், பாவத்துக்குப் பிராயச்சித்தம் செய்கிறவர் போல மழையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

2015 நவம்பரில் மழை கொட்டியது நினைவிருக்கும். அந்த மாதத்தில் இரண்டு முறை அவர் குடையைப் பிடித்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தார். எங்கள் தெரு பள்ளத்தில் இருக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர்க் கால்வாய்க்குப் பக்கம். சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை என்று அந்தக் கால்வாயின் கரை ஊர்களை மழைக்காலத்துக்கு மழைக்காலம் அரசாங்க அறிவிப்பில் வாசிப்பார்களே, அந்தக் கால்வாய். “இரவு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள், எழுத்தாளரே” என்று இரண்டு முறையும் அழைத்தார். முதல் முறை மூட்டை முடிச்சோடு போனோம். தண்ணீர் தெருமுனையோடு நின்றுவிட்டது. இரண்டாவது முறை போகவில்லை. அன்று தண்ணீர் தெருமுனைக்குக்கூட வரவில்லை.

டிசம்பர் 1ந் தேதி, செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் ஆறு மணிக்கு மூன்றாவது முறையாக வந்தார். முழங்கால் வரை நனைந்திருந்தார். செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார்.

“கடலிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தடத்தில் வருகிறது, பாருங்கள். ஒன்று கொட்டி முடித்ததும் அடுத்தது அதே இடத்துக்கு வருகிறது. ஏரி ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. இருபத்துநாலு அடி ஏரி அது. வருகிற தண்ணீரை அவர்கள் விட்டுத்தான் ஆக வேண்டும். கிளம்புங்கள்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? அன்று நான் ஒரு தீபாவளி மலர்க் கதையைப் புத்தகத்துக்காகத் திருத்திக்கொண்டிருந்தேன். நல்ல இடத்தில் இருந்தேன். “ஸார், உங்கள் ராடாருக்குப் பச்சையும் சிவப்பும் காட்டுவதுதான் தொழில். போன தடவையும் இதே சிவப்பைத்தான் காட்டினீர்கள்” என்று சொல்லிச் சிரித்தேன்.

அவர் பேசத் தெரிந்த மனிதரல்ல. கொஞ்ச நேரம் நின்றார். “சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் வாருங்கள்” என்றார். நான் வரவில்லை என்றதும் அடுத்தடுத்த வீட்டுக் கதவுகளைத் தட்டிக்கொண்டே போய்விட்டார்.

அவர் போன பிறகு தையற்கார அம்மாள் வேலிப் பக்கம் வந்து, “ஐயா, ராடார் ஐயா போகச் சொல்றாரே, நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டார். அப்போது அவரிடம் இரண்டு தையல் மெஷின்கள் இருந்தன. தை மாதக் கல்யாணம் ஒன்றுக்குப் பட்டு ரவிக்கைகள் வெட்டி வைத்திருந்தார். “அவர் எப்போதும் இப்படித்தான், அம்மா. நிம்மதியாகத் தூங்குங்கள்” என்று நான் சொன்னேன். முந்நூறு பக்கக் குடும்பங்களை ஆட்டி வைக்கிறவன் அல்லவா!

மறுநாள் காலை கணக்குப்படி இருபத்துநாலு மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை, தாம்பரத்தில் 49. ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். இந்த எண்களையெல்லாம் நான் பிற்பாடு பத்திரிகையில் படித்தேன். அன்று இரவு எனக்குத் தெரிந்த எண் ஒன்றே ஒன்றுதான்: எங்கள் வீட்டு வாசற்படியின் உயரம். பதினாலு அங்குலம். பதினொரு மணிக்குத் தண்ணீர் அதைத் தாண்டியது. மின்சாரம் போயிற்று. முழங்கால் வலிக்காரியான என் மனைவியை மாடிப் படியில் ஏற்றுவதற்குள் தண்ணீர் இடுப்பளவு. மாடி இல்லாத தையற்கார அம்மாளையும், ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த இந்தப் பையனையும் சுவரேறி எங்கள் மொட்டை மாடிக்குக் கொண்டுவந்தோம். விடிய விடிய நாலு பேரும் ஒரு தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. கீழே இருட்டில் ஏதோ இரும்பு சுவரில் மோதுகிற சத்தம் கேட்டது. அது தம் மெஷின்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

என் கையெழுத்துப் பிரதியும் போயிற்று. அதைப் பற்றி யாரிடமும் சொல்லி அழ எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் படகில் எங்களை ஏற்றிப்போன இளைஞர்களோடு எஞ்சினீயரும் வந்திருந்தார். “நான் அப்போதே சொன்னேனே” என்று அவர் சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. சூடாக வெந்நீர் போட்டுக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து நானே அந்தப் பேச்சை எடுத்தேன்.

“இரண்டு முறை நான் பொய் சொன்னேன். மூன்றாவது முறை நீங்கள் படியை உயர்த்திவிட்டீர்கள்” என்றார். “எந்த ராடாரும் அப்படித்தான் செய்யும். உங்கள் பேரில் தப்பில்லை.”

தப்பில்லை என்று அவர் சொன்னாலும், என் பேரிலிருந்த தப்பு எனக்குத் தெரியும். அவர் ஒரு தடவை சிரிப்புக்குப் பயந்து படியை உயர்த்தினார். அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க யார் சிரித்தாலும் தாழ்த்தியே வைத்தார். நானோ சிரிக்கிற பக்கத்தில் இருந்தேன். அது மட்டுமா? என் படியின் உயரத்தை அடுத்த வீட்டுக்கும் வைத்துக் கொடுத்தேன்.

மெஷின் வாங்குவதற்கு நான் கொடுத்த பணத்தை அந்த அம்மாள் கடனாகத்தான் வாங்கிக்கொண்டார். ஒன்றரை வருஷத்தில் மாதம் தவறாமல் திருப்பிக் கொடுத்தும் விட்டார். கல்யாண வீட்டுக்காரர்களுக்குப் பட்டின் விலையைத் தாமே கொடுத்தாராம். அதை வேறொருவர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

இப்போது திண்ணைக்கு வருவோம். எஞ்சினீயர் பேசி முடித்திருந்தார். அம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “எல்லாம் சரிங்க, ஐயா. இவன் எதுக்குப் போகட்டும்?” என்றார்.

“ஒரகடத்துக்குப் போனாலும் ராடார் விடாது, அம்மா. இப்போது வருகிற பல கார்களில் முன்னால் ராடார் பொருத்துகிறார்கள். முன்னால் போகிற வண்டி திடீரென்று நின்றால் தானாகப் பிரேக் போடும். அதிலும் அதே கதைதான். படி தாழ்ந்தால் காற்றில் பறக்கிற காகிதத்துக்கெல்லாம் வண்டி நிற்கும். உயர்ந்தால் ஆளின்மேல் ஏறும். எங்கே போனாலும் இந்தப் படி இருக்கிறது. சம்பளம் இரண்டிலும் வரும், கொஞ்சம் முன்னே பின்னே. வேலை நிரந்தரமா என்றால் இரண்டும் இல்லை. பெரிய செல்போன் தொழிற்சாலையே 2014ல் மூடினதை ஸ்ரீபெரும்புதூரில் பார்த்தோமே!”

பிறகு பையனைப் பார்த்தார். “நீ ஒன்றை மட்டும் யோசி. நூறு தடவை சொல்லி, தொண்ணூற்றொன்பது தடவை உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நூறாவது தடவையும் அதே குரலில் சொல்ல முடியுமா? முடியும் என்றால் போ. அது ஒன்றுதான் காலேஜில் சொல்லித் தராதது.”

பையன் முதல் முறையாக வாயைத் திறந்தான்.

“அன்னிக்கு ராத்திரி மொட்டை மாடியிலே இருந்தப்போ, ராடார் தாத்தாவுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுதுன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். அதனாலதான் எலெக்ட்ரானிக்ஸ் எடுத்தேன்” என்றான்.

திண்ணையில் யாரும் பேசவில்லை. அந்த அம்மாள் மகனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பத்து வருஷமாக அவர் மறந்துவிட்டாரா என்று நான் யோசித்துக்கொண்டிருந்ததற்கு அந்தப் பார்வையில் பதில் இருந்தது. அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பையன் பெங்களூர் போவதென்று முடிவாகிவிட்டது. இப்போதெல்லாம் எஞ்சினீயர் குடையோடு தெருமுனையில் தென்பட்டால், நான் பேனாவை மூடிவிட்டுப் பையை எடுத்துவிடுவேன். இந்தப் பத்து வருஷத்தில் ஏழெட்டு முறை அப்படிப் போயிருக்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இரண்டு இரவு தங்கினோம். அநேகமாக ஒவ்வொரு தடவையும் ஒன்றும் நடப்பதில்லை. அவர் வீட்டில் இட்லி சாப்பிட்டு, சதுரங்கம் ஆடித் தோற்று, காலையில் உலர்ந்த தெரு வழியே திரும்பி வருகிறோம். தெருவில் சிலர் சிரிக்கத்தான் செய்கிறார்கள்.

அன்று கிளம்பும்போது லேசாகத் தூறல் ஆரம்பித்திருந்தது. அம்மாள் படியிறங்கியவர், திரும்பி நின்று, “ஐயா, மெஷினை இந்த வருஷமும் பரண்மேலே ஏத்தி வெக்கட்டுமா? தீபாவளித் துணி பாக்கி இருக்குது. ஏத்தினா ரெண்டு நாள் வேலை கெடும்” என்று கேட்டார்.

இந்தத் தடவை கேட்டது என்னையல்ல. எஞ்சினீயர் செல்போனை எடுத்துப் பார்த்தார். திண்ணை ஓரத்துக்கு வந்து வானத்தையும் ஒரு தடவை பார்த்தார்.

“ஏற்றி வையுங்கள், அம்மா. மழை வராவிட்டால் நாளைக்கு வந்து என்னைத் திட்டுங்கள்” என்றார்.

மழை வரவில்லை. அந்த அம்மாள் திட்டவும் இல்லை. இரண்டு நாள் கழித்துப் பையனும் நானும் சேர்ந்து மெஷினைப் பரணிலிருந்து இறக்கினோம்.